உடம்பும் சேர்ந்துதான் பரீட்சை எழுதுகிறது: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரீட்சையைப் பற்றித்தான். மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவர்களைவிடப் பதற்றமாக அப்பா அம்மாக்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ராத்திரி 2 மணி வரை படிக்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்து அதையே பார்த்தால் புதிதாகப் படிப்பது போல இருக்கிறது. எனக்கு ஞாபக சக்தியே இல்லையா? அதற்கு மாத்திரை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.
(பள்ளி இறுதி வகுப்பு மாணவி)

உன் ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லை, அது வேலை செய்வதற்கான நேரத்தைத்தான் நீ கொடுக்கவில்லை. பகலில் படித்ததையெல்லாம் மூளை முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதியின் துணையோடு தற்காலிகமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. நீ தூங்கின பிறகு, அதுவும் ஆழ்ந்து தூங்கும்போதுதான், அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து நிலையாகப் பதிய வைக்கிறது. 3 மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். உன் வயதுக்கு, அதாவது 13-லிருந்து 18 வரைக்கும், 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பரீட்சைக் காலத்தில் அவ்வளவு முடியாது என்று சொல்வாய், சரி, 7 மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகாதே.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவருடைய கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். நீ 5 மணிக்கு எழுகிறாய் என்றால் ராத்திரி 10 மணிக்கே அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் 2 மணி வரை நீ படிப்பதெல்லாம் அந்தத் தலையை வைத்துக்கொண்டுதான்.

அப்புறம், எப்படிப் படிக்கிறாய் என்று நீ எழுதவில்லை, ஆனால் 'பார்த்தால்' என்ற வார்த்தையை வைத்து ஊகிக்கிறேன், அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாய். ஒரு பையன் என்னிடம் புத்தகத்தோடு வந்தான். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் கோடு, கோடு விழாத வரியே இல்லை. மூடி வைத்துவிட்டு நினைவில் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னேன். 10 நிமிடத்தில் ஐந்து வரி வந்தது, அதில் இரண்டு தலைப்புகள். அவன் கண் கலங்கிவிட்டது. இப்போது புத்தகத்தைத் திற என்றேன். எது விட்டுப்போனதோ அது மட்டும் அவன் கண்ணில் பட்டது. அடுத்த வாரம் அதே பாடத்தை முக்கால் பக்கம் எழுதினான்.

2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. இரண்டு முறை வாசித்தவர்களுக்கு 5 நிமிடத்தில் சோதனை வைத்தால் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது 42 சதவீதம்தான் அவர்கள் நினைவில் இருந்தது, ஒரு முறை வாசித்துவிட்டு அப்புறம் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் இருந்தது. நீயும் அப்படி எழுதிப் பார், 10 மணி வாக்கில் படுத்துவிடு. மாத்திரை எதுவும் வேண்டாம்.

என் மகனுக்குப் பரீட்சை அன்று காலையில் தவறாமல் வயிற்று வலி, இரண்டு மூன்று முறை வயிற்றுப்போக்கு. மற்ற நாட்களில் நன்றாக இருக்கிறான். நடிக்கிறானா?
(ஒரு அம்மா)

நடிக்கவில்லை அம்மா, தயவுசெய்து அவனிடம் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். மூளைக்கும் குடலுக்கும் நேரடியாக நரம்புத் தொடர்பு இருக்கிறது. பயம் வந்ததும் உடம்பு ஆபத்தைச் சமாளிக்கத் தயாராகிறது. அப்போது இரைப்பை மந்தமாகிவிடும், பெருங்குடல் வேகமாகிவிடும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஒரே நேரத்தில் வருவது இதனால்தான்.

அன்றைக்கு அரைமணி நேரம் முன்னதாக எழுப்புங்கள், கழிப்பறைக்கு அவசரமில்லாமல் போகட்டும். வழக்கமாகச் சாப்பிட்டு வயிற்றுக்குப் பழகிய எளிய உணவைக் கொஞ்சமாகக் கொடுங்கள், தெம்புக்கு என்று புதிதாக எதையும் அன்று முயற்சி செய்ய வேண்டாம். போகும் வழியில் கேள்வி கேட்காதீர்கள், அது ரொம்ப முக்கியம். எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும், விடுமுறையிலும் வலி தொடர்ந்தாலும், அதைப் பயம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வினாத்தாளைக் கையில் வாங்கியதும் எல்லாம் மறந்துவிடுகிறது. கை நடுங்கி, நெஞ்சு அடித்துக்கொண்டு, மயக்கம் வருவது போல ஆகிவிடுகிறது. போன முறை ஒரு மணி நேரம் எதுவுமே எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.
(கல்லூரி மாணவர்)

அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய வேதனையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி, இதே நிலையில் பலரைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நீ படித்தது எதுவும் அழியவில்லை. பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால், நினைவில் இருப்பதை வெளியே எடுக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் தடுக்கிறது, அவ்வளவுதான். ஹாலை விட்டு வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் விடை தானாக ஞாபகம் வந்திருக்குமே, அதுவே சாட்சி. மயக்கம் வருவது போல இருப்பதும் விரல் மரத்துப்போவதும், மேலோட்டமாக வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதன் விளைவு. இந்த மாதிரிப் பதற்றம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். 'ஐயோ, மறந்துவிட்டதே' என்று அதோடு மல்லுக்கட்டினால்தான் நீள்கிறது.

அதனால் அடுத்த முறை பேனாவைக் கீழே வை. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். மேசை விளிம்பு உள்ளங்கையில் படும் குளிர்ச்சியைக் கவனி. மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மூச்சை இழு, 6 எண்ணும் வரை மெதுவாக விடு. வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இதயத் துடிப்பு தணியும். இப்படி 10 முறை செய்ய 100 விநாடிதான் ஆகும், போன முறை போன ஒரு மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார். பிறகு வினாத்தாளில் இருப்பதிலேயே எளிய கேள்வியைத் தேடி அதை முதலில் எழுது. அதுவும் வரவில்லையா, அந்தப் பாடத்தில் ஞாபகம் வரும் ஏதாவது ஒரு சொல்லை ஓரத்தில் எழுது, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

இதையெல்லாம் ஹாலில் முதல் முறையாகச் செய்தால் வேலைக்கு ஆகாது. வீட்டிலேயே கடிகாரம் வைத்து, போன் வேறு அறையில், பழைய வினாத்தாளை முழு நேரமும் உட்கார்ந்து குறைந்தது மூன்று முறையாவது எழுது, மூச்சுப் பயிற்சியோடு சேர்த்து. பரீட்சைக்கு முன்னால் 10 நிமிடம், 'எனக்கு எதைப் பற்றிப் பயம்' என்று ஒரு தாளில் மனம்விட்டு எழுதுவதும் உதவும். 2011-இல் வந்த ஓர் ஆய்வில் அப்படி எழுதிய பதற்றக்கார மாணவர்கள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். இவ்வளவும் செய்து பார்த்தும் இதே போல உறைந்துபோனால் ஒரு மனநல ஆலோசகரைப் பார், நான்கைந்து சந்திப்பிலேயே நல்ல மாற்றம் வந்தவர்கள் உண்டு.

ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கலாம்? எனர்ஜி டிரிங்க் பரவாயில்லையா?

வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின்தான் மேல் எல்லை. வளரும் பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், அதாவது 50 கிலோ இருந்தால் 150. அரை லிட்டர் எனர்ஜி டிரிங்க் ஒன்றிலேயே 160 வரை இருக்கிறது, ஒரே டப்பாவில் கணக்கு தாண்டிவிடும். அதனால் அது வேண்டவே வேண்டாம். காபியும் மதியத்தோடு போதும். காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும், ராத்திரி 9 மணிக்குக் குடித்ததில் பாதி 2 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். விழித்திருக்க மாத்திரை என்று நண்பர் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது வேறு ஒருவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து.

ஒவ்வொரு பரீட்சைக்கும் எனக்கு வாய்ப்புண்ணும் சளியும் வந்துவிடுகிறது. தற்செயலா?
(பொறியியல் மாணவி)

தற்செயல் இல்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு வாயின் மேலண்ணத்தில் ஒரே அளவில் சின்னக் காயம் செய்து பார்த்தார்கள், ஒன்று விடுமுறையில், இன்னொன்று பெரிய பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. பரீட்சை நேரத்துக் காயம் ஆறுவதற்கு சராசரியாக 3 நாள் கூடுதலாக ஆனது. ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. அதே ஆட்கள், அதே வாய், மாறியது மனநிலை மட்டும்தான். இதைப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அதனால் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், இவற்றோடு தினமும் 20 நிமிடமாவது வேகமாக நடங்கள். நடப்பது படிப்பு நேரத்தைத் தின்னும் என்று எல்லோரும் நிறுத்துவது முதலில் அதைத்தான், ஆனால் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கவனம் நன்றாகவே நிற்கும், இரண்டு நாள் செய்து பாருங்கள் தெரியும். புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பரீட்சை மாதத்தில் மாதவிடாய் தள்ளிப்போகிறது. இன்னொரு பக்கம், பரீட்சை அன்றே வந்துவிடக் கூடாது என்று தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மன அழுத்தம் கூடினால் சுழற்சியை இயக்கும் மூளைப் பகுதியின் சமிக்ஞை குறையும், சில நாள் தள்ளிப்போவது அதனால்தான். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் அதை முதலில் பரிசோதித்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் வராமல் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடும் மாத்திரை ஹார்மோன் மருந்து. ரத்தம் உறையும் பிரச்சினை உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் ஆபத்து, கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வலிதான் கவலை என்றால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை எது என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மகள் இரண்டு வாரமாக யாரோடும் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று அவள் அம்மாவிடம், 'ஃபெயில் ஆனா நான் இருக்க மாட்டேன்' என்று சொல்லியிருக்கிறாள். சும்மா மிரட்டுகிறாளா? கேட்டால் இன்னும் மோசமாகிவிடுமோ?
(ஒரு அப்பா)

உங்கள் கடிதத்துக்கு நான் உடனே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன், இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன். மிரட்டலா நிஜமா என்று ஆராய வேண்டாம், நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா அம்மா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, இது பலமுறை ஆராய்ந்து தெரிந்த விஷயம், மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது என்பதுதான் உண்மை. அவள் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், அறிவுரை வேண்டாம், 'உனக்காக எவ்வளவு செய்தோம்' என்பது வேண்டவே வேண்டாம். ஃபெயில் ஆனாலும் நீ இந்த வீட்டுப் பெண்தான், பரீட்சையைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்பதை அப்பா வாயால் அவள் கேட்க வேண்டும்.

ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை அவள் கைக்கு எட்டாமல் அகற்றிவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், இரண்டு வாரமாகச் சாப்பாடும் பேச்சும் குறைந்திருப்பதே அதற்குப் போதுமான காரணம். அடுத்த பரீட்சைக்குப் போகலாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இதைப் படிக்கிற பிள்ளைகளில் யாருக்காவது அப்படித் தோன்றிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை வீட்டிலோ பள்ளியிலோ நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, 'எனக்கும் இப்படித்தான் இருக்கிறது' என்று மட்டும் சொல். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு இப்போதே பேசு.

ஒரு பரீட்சை முடிந்ததும் வெளியே நின்று நண்பர்களோடு விடை சரிபார்ப்பது நல்லதா?

இல்லை. எழுதிக் கொடுத்த தாளில் இனி ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது, ஆனால் தப்பாக எழுதிய ஒரு மதிப்பெண் கேள்வி சாயங்காலம் முழுக்க மனதில் ஓடும், நாளை மறுநாள் பாடம் கையில் நிற்காது. எல்லோரும் கூடி நிற்கும் இடத்தில் 'அப்புறம் பேசலாம்' என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டு, அலாரம் வைத்து 20 நிமிடம் படுங்கள், அதற்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும். எழுந்து முகம் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எடுங்கள்.