வாக்குப் போடாமல் விட்டால் – கடிதம்

வணக்கம் சேர்,

எனக்கு 26 வயது. ஊர் சாவகச்சேரி. இரண்டு வருடமாகக் கொழும்பில் வேலை, வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து போய், 44 சின்னத்தில் ஒன்றுக்குப் புள்ளடி போட்டு, திரும்ப இரவு முழுக்க இருந்து வந்து என்ன கண்டோம்? காணாமல் போன மாமா எங்கே என்று அம்மம்மா கேட்டுக் கேட்டே கண்ணை மூடினா. எந்தக் கட்சியும் பதில் எடுத்துத் தரவில்லை. இனி வாக்காளர் பதிவுப் படிவத்தில் என் பெயரைப் போடவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவ என்னோடு கதைப்பதில்லை. போடாமல் விடுவதும் ஒரு எதிர்ப்புத்தானே சேர்? நீங்கள் ஒவ்வொரு முறையும் போடுகிறீர்களா? யாருக்கு?

ம.

அன்புள்ள ம.,

மாமாவின் விஷயத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லைப் பிள்ளை. நீங்கள் வாக்களித்தால் அதற்குப் பதில் வரும் என்று சொல்லவும் மாட்டேன். அப்படிச் சொல்லி வாக்குக் கேட்டவர்கள்மேல் எனக்கும் கோபம்தான்.

ஒவ்வொரு முறையும் போடுகிறேனா? ஒரு முறை போடவில்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், தேர்தல் கடமைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வாக்களிப்பு நிலையம் தந்திருந்தார்கள். தமிழ் மக்களுக்கு இந்தத் தேர்தலில் அக்கறை இல்லை என்று விடுதலைப் புலிகள் இயக்கம் அறிவித்திருந்தது. அதற்குமேல் துண்டுப் பிரசுரம், ரயர் எரிப்பு, காதோடு காதாக வந்த எச்சரிக்கை எல்லாம் இருந்தன. காலை ஏழு மணிக்கு வெறும் பெட்டியைக் கட்சி முகவர்களுக்குத் திறந்து காட்டி முத்திரையிட வேண்டும். காட்ட ஒரு முகவரும் இல்லை. எங்களுக்கு நாங்களே காட்டிக்கொண்டோம். விரலுக்குப் பூசும் மையைத் திறந்து வைத்தோம், அது மத்தியானத்துக்குள் போத்தல் வாயில் காய்ந்து தோலாகிவிட்டது. பத்தரைக்கு ஒரு கிழவர் வந்தார். அவர் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசித்தபோது அந்த வகுப்பறையே திடுக்கிட்டது மாதிரி இருந்தது. வாக்காளர் இடாப்பில் அவர் பெயருக்குக் குறுக்கே கோடு கீறினேன். பிறகு நாலு மணிவரை கோடு கீற வேலை வரவில்லை.

எனக்குத் தபால் வாக்கு இருந்தது. போடவில்லை. பயம்தான் காரணம். கொள்கை, எதிர்ப்பு எல்லாம் பிறகு மற்றவர்களுக்குச் சொன்ன கதை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் பேர் பதிவு, போட்டவர்கள் எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம், 1.2 சதவீதம். நாடு முழுக்க மஹிந்த ராஜபக்ச வென்ற வித்தியாசம் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். வடக்கு போட்டிருந்தால் எதிரே நின்ற ரணில் விக்கிரமசிங்க வந்திருப்பார், யுத்தம் வந்திராது என்று இப்போதும் தேநீர்க் கடையில் கணக்குப் பார்க்கிறார்கள். முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாவது பாதி எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஏழு இலட்சத்தில் வராதவர்களை எடுத்துப் பாருங்கள். பகிஷ்கரிப்பை மனதார ஏற்றவர்கள் இருந்தார்கள், என்னைப்போலப் பயந்தவர்கள் இருந்தார்கள், கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் இருந்தார்கள், செத்த பிறகும் இடாப்பில் பெயர் வெட்டப்படாதவர்கள் இருந்தார்கள். இடாப்பில் எல்லோருக்கும் ஒரே அடையாளம்: கோடு இல்லை. என் பயத்தையும் ஒருத்தனுடைய கொள்கையையும் ஒரு பிரேதத்தையும் பிரித்துப் பார்க்க அந்தத் தாளில் வழியே கிடையாது. பிறகு யார் யாரோ வந்து, தமிழ்ச் சனம் இதைத்தான் சொன்னது என்று தங்களுக்கு வேண்டிய மாதிரி வாசித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லையே!

பகிஷ்கரிப்பே பிழை என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊர் 1931இல் ஒன்று செய்தது. பிரித்தானியர் காலத்து டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை கொண்டுவந்த முதல் தேர்தல் அது. (எல்லோருக்கும் வாக்கு என்பதை சேர் பொன். இராமநாதன் போன்ற எங்கள் பெரியவர்களே எதிர்த்தார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.) இது போதாது, முழுச் சுயராஜ்யம் வேண்டும் என்றது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நாலு தொகுதியிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. வேட்பாளரே இல்லாததால் ஆசனம் வெறுமையாகக் கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்த பகிஷ்கரிப்பு. ஆனாலும் அரசாங்க சபை, அதாவது அப்போதைய சட்டசபை, இவர்கள் இல்லாமலே கூடியது, 1934இல் இடைத்தேர்தல் வைத்து ஆட்களை அனுப்பவேண்டி வந்தது. இன்றைக்கு நீங்கள் வெள்ளவத்தையில் படுத்திருந்தால் எந்த ஆசனமும் வெறுமையாகப் போவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ ஆறு பேர் எம்.பி.யாகப் போகத்தான் போகிறார்கள்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலையும் பாருங்கள். தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். வெல்லமாட்டார் என்று அவருக்கும் தெரியும், போட்ட எல்லோருக்கும் தெரியும். இரண்டு இலட்சத்து இருபத்தாறாயிரத்துக்குமேல் விழுந்தது. அது கூடவா குறைவா என்று சண்டை பிடிக்கலாம், ஆனால் சண்டை பிடிக்க ஒரு இலக்கம் இருக்கிறது. அதே தேர்தலைத் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. அதைக் கேட்டு எத்தனைபேர் வீட்டில் நின்றார்கள்? யாராலும் சொல்லமுடியாது, அந்தக் கட்சியாலும் முடியாது.

அம்மா கதைக்காமல் விட்டது வாக்குப் போடாததற்காக இருக்காது, பெயரை எடுக்கச் சொன்னதற்காக இருக்கும். அதில் நான் அம்மா பக்கம். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை எம்.பி. என்பது போட்டவர்களை வைத்து அல்ல, இடாப்பில் பதிந்தவர்களின் தொகையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்துக்கு 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. யுத்தமும் இடப்பெயர்வும் வெளிநாடும் தின்றது போக மிச்சம் அது. நீங்கள் போடாவிட்டாலும் உங்கள் பெயர் அங்கே கிடந்து ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. கிராம அலுவலர் தரும் அந்தப் படிவத்தை நிரப்ப அம்மாவுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால்? இந்தியாவில் இருப்பதுபோல ‘மேலே உள்ள யாருமில்லை’ என்று எங்கள் சீட்டில் கட்டம் இல்லை. பழுதாக்கிவிட்டு வரலாம். 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் முப்பதாயிரத்தைத் தாண்டின. அதில் கோபம் எவ்வளவு, 44 பட்டியலும் 396 வேட்பாளரும் வந்து குழப்பியது எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. ஆனால் குறைந்தபட்சம் அந்த முப்பதாயிரம் பேரும் உயிரோடு, ஊரில், வரிசையில் நின்றவர்கள் என்பது தெரியும். வாக்கெண்ணும் மேசையில் ஒருமுறை நான் ஒரு சீட்டை விரித்தேன். எந்த வருடம் என்று சொல்லமாட்டேன். புள்ளடி இல்லை. ஒடுக்கமான ஓரத்தில் மிகச் சின்ன எழுத்தில், "கிணத்தில உப்புத்தண்ணி, ஆரும் வரேல்லை" என்று எழுதியிருந்தது. நிராகரித்த கட்டில் வைத்தேன். அடுத்த சீட்டை எடுத்தேன். இன்றைக்கும் ஞாபகம் இருக்கிற சீட்டு அது ஒன்றுதான்.

இன்னொன்று. கட்சிக்குப் புள்ளடி போடுகிற பலர் கீழே விருப்பு வாக்கைத் தொடாமல் வருகிறார்கள். மூன்று வேட்பாளர்களின் இலக்கம் வரை புள்ளடி போடலாம். கட்சிக்குள் யார் எம்.பி. ஆவது என்பதை அந்தப் புள்ளடிகள்தான் முடிவு செய்கின்றன. "இந்தக் கட்சியில் நல்லவர்கள் கடைசியில்தான் இருக்கிறார்கள்" என்று முறைப்பாடு சொல்பவர்கள் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு வந்துதான் சொல்கிறார்கள். பஸ்ஸில் இரவு முழுக்க இருந்து வருகிறவர் இதையாவது முழுசாகச் செய்யவேண்டாமா?

சரி, யாருக்குப் போடுகிறேன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லமாட்டேன். வீட்டில் மனைவிக்கே சொன்னதில்லை, அவவும் எனக்குச் சொன்னதில்லை. 2005ஐ மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும்.