தள்ளுபடியும் மேதைமையும்

அன்புள்ள ஐயா,

பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் கைத்தடியையும் குடையையும் தூக்கி ஓட்டுப் போடும் காட்சி, ஆன்ரி ஜெர்வெக்ஸ் வரைந்த ஓவியம், இணைத்திருக்கிறேன். ஒரு போட்டியில் என் கதை முதல் சுற்றிலேயே போய்விட்டது. பிரெஞ்சு ஓவியர் மானேயை ஒதுக்கியதும் இப்படிப்பட்ட கும்பல்தானே? இனி போட்டிகளுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக நானும் அந்த ஓவியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தடி தூக்கியிருப்பவர்கள் படத்தைப் பார்த்துத் தூக்கினார்களா, பக்கத்துத் தடியைப் பார்த்தா? ஒருமுறை நானும் சிறுகதைப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். இருட்டிவிட்டது, பாதிக் கட்டு பிரிக்கவே இல்லை. அந்த அறையில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பசிதான் இருந்தது. அதனால் 'கும்பல்', சதி எல்லாம் விடுங்கள்.

மானேயை எதற்கு இழுக்கிறீர்கள்? 1863-ல் சலோனுக்கு வந்தவை ஏறத்தாழ 5,000. பாதிக்கு மேல் தள்ளினார்கள். கூச்சல் கிளம்பவே, தள்ளியவற்றுக்குத் தனிக் கண்காட்சி வைக்க பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் உத்தரவிட்டார். மானேயின் 'புல்வெளியில் மதிய உணவு' அங்கேதான் தொங்கியது. விஸ்லர் இருந்தார், பிஸாரோ இருந்தார். சரி, மற்றவர்கள்? இன்னும் பத்துப் பேர் சொல்லுங்கள் பார்ப்போம். தள்ளுபடியானவனெல்லாம் மானே என்றால் அந்த வருடம் பாரிஸில் மேதைகள் நடக்க இடமிருந்திருக்காது. தோற்ற ஒவ்வொருவரும் அவர் தோளில் ஏறி உட்கார்ந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்?

மானேயே தள்ளுபடியைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1874-ல் மோனே, தெகா போன்ற ஓவியர்கள் சேர்ந்து தனிக் கண்காட்சி வைத்தார்கள், இவர் சேரவில்லை. அடித்து விரட்டிய அதே சலோனுக்கே மறுபடி மறுபடி படம் அனுப்பினார். 1881-ல் கிடைத்தது இரண்டாம் நிலைப் பதக்கம். இரண்டே வருடத்தில் இறந்துபோனார்.

ஜெர்வெக்ஸும் அடிவாங்கியவர்தான். 1878-ல் அவருடைய 'ரோலா' ஓவியம் ஆபாசம் என்று சலோனிலிருந்து நீக்கப்பட்டது. அதைச் செய்தது நடுவர்கள்கூட இல்லை, அரசாங்கம். ஒரு வியாபாரி தன் கடையில் வைத்தார், பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அந்த மனிதர்தான் பிற்பாடு நடுவர்களை வரைகிறார். அதில் பழிவாங்கும் கோடு ஒன்றாவது தெரிகிறதா?

அனுப்புவது உங்கள் இஷ்டம். ஓவியத்தை இணைத்தவர் கதையை இணைக்கவில்லையே, ஏனப்பா? அதை அனுப்புங்கள், படிக்கிறேன். நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்வேன்.