ரெண்டு வயசாகியும் பேச்சு வரலையே!

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா, தாத்தா, காக்கா என்று எட்டுப் பத்து வார்த்தைதான் சொல்கிறான். நாங்கள் சொல்வது புரிகிறது, வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுகிறான். நான் தமிழ், மாமியார் தெலுங்கு. "இவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று நாக்கில் வசம்பு தேய்க்கிறார். ரெண்டு பாஷையால் குழம்பிவிட்டானா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: பாஷையால் குழப்பம் இல்லை அம்மா, மாமியார் தாராளமாகத் தெலுங்கிலேயே கொஞ்சட்டும். வார்த்தைகளை எண்ணும்போது ரெண்டையும் சேர்த்து எண்ணுங்கள், தமிழ் "தண்ணி"க்கு ஒன்று, தெலுங்கு "நீள்ளு"வுக்கு ஒன்று. அப்படி எண்ணியும் பத்துதான் என்றால் அது குறைவுதான். ரெண்டு வயதில் சுமார் 50 வார்த்தை, "அம்மா வா" மாதிரி ரெண்டு சொல்லைச் சேர்ப்பது, இதெல்லாம் வந்திருக்க வேண்டும். சொன்னது புரிவதும் கைகாட்டுவதும் நல்ல அறிகுறிகள், தாமதமாகப் பேசுகிற பிள்ளைகள் நிறையப் பேர் தானாகவே எட்டிப் பிடித்தும் விடுகிறார்கள், ஆனால் உங்கள் பிள்ளை அதில் ஒருவனா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அதனால் மூணு வயது வரை காத்திருக்காதீர்கள்.

முதலில் காது. மிக்ஸி சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடக் கூடாது, அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சில் வருகிற மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும். பரிசோதனைக்குப் பிள்ளை பதில் சொல்லவே வேண்டாம், பெரும்பாலும் தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி., அதாவது குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைப் பார்க்கிற மையம், எங்கே என்று கேட்டால் இலவசமாகவே பார்ப்பார்கள்.

வசம்பை இன்றே நிறுத்துங்கள். பேச்சு அதனால் வராது, குழந்தைக்கு வாந்திதான் வரலாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவன் குடத்தைக் காட்டியதும் டம்ளரை நீட்டிவிடுகிறீர்கள் இல்லையா? இனி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி வேணுமா? தண்ணி" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அந்த அமைதிதான் அவனுடைய முறை. "தா" என்றாலும் போதும், "ஆமா, தண்ணி!" என்று கொடுத்துவிடுங்கள். ஒன்றுமே சொல்லவில்லையென்றாலும் கொடுங்கள், சொல்லு சொல்லு என்று தாகத்தோடு நிற்கவைக்காதீர்கள். போன் காட்டி ஊட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வீடியோ அவனுக்காகக் காத்திருக்காது.

ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.