மெட்டா வரியில் யூடிஎஃப்-8 இருந்தும் ஜேஎஸ்பி பக்கத்தில் தமிழ் சிதைவது ஏன்?

பக்கத்தின் குறியாக்கத்தை உலாவிக்குச் சொல்லும் மெட்டா வரியில் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை) என்று எழுதியிருந்தும், ஜேஎஸ்பி (ஜாவா கொண்டு சேவையகத்தில் உருவாகும் வலைப்பக்கம்) பக்கத்தின் தமிழ்த் தலைப்பு லத்தீன் எழுத்துக் குவியலாகவும், தரவுத்தளத்திலிருந்து வரும் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்து வெள்ளிக் கொலுசு வணிகர்களுக்கும் ஏற்காட்டுத் தங்கும் விடுதிகளுக்கும் தளங்கள் அமைத்துத் தரும் பணியில் இந்தச் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். ஒரே பக்கத்தில் இரண்டு விதமான சிதைவு தெரிவதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

'சேலம்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆக 15 பைட்டுகள். ஜேஎஸ்பியில் குறியாக்கத்தைக் குறிப்பிடாவிட்டால், ஓர் எழுத்துக்கு ஒரே பைட்டு கொண்ட லத்தீன் குறியாக்கமான ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் கோப்பிலுள்ள தலைப்பு அந்த முறையில் படிக்கப்பட்டு, அதே முறையில் எழுதப்படுவதால் பைட்டுகள் சேதமின்றி உலாவிக்குப் போய்ச் சேருகின்றன. ஆனால் பக்கத்துக்கு முன்னால் சேவையகம் அனுப்பும் தலைப்புரையும் (எச்டிடிபி ஹெட்டர்) ஐஎஸ்ஓ-8859-1 என்றே சொல்வதால், உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. தரவுத்தளத்துப் பெயரோ ஜாவாவுக்குள் சரியான தமிழாகவே வந்துவிடுகிறது. வெளியே எழுதும்போது அந்தக் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு குறியீடும் ஒரு கேள்விக்குறியாகிவிடுகிறது.

மெட்டா வரி இங்கே உதவாது. தலைப்புரையில் குறியாக்கம் குறிப்பிடப்பட்டிருந்தால் உலாவி அதையே ஏற்கும், மெட்டாவைப் பொருட்படுத்தாது. எனவே பக்கத்தின் முதல் வரியிலுள்ள பேஜ் டைரக்டிவில் (பக்கத்தின் அமைப்புகளைச் சொல்லும் கட்டளை வரி) கன்டென்ட்டைப், பேஜ்என்கோடிங் ஆகிய இரண்டிலும் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். இன்க்ளூட் டைரக்டிவ் மூலம் சேர்க்கும் ஒவ்வொரு துண்டுக் கோப்புக்கும் பேஜ்என்கோடிங் தனியாக வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை, அதனால் தளத்தின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் எல்லா ஜேஎஸ்பிக்கும் சேர்த்து ஒரே இடத்தில் அமைத்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

படிவத்திலிருந்து வரும் தமிழுக்கு, மதிப்பைப் படிக்கும் முதல் கெட்பாராமீட்டர் அழைப்புக்கு முன்பே, குறியாக்கத்தை அமைக்கும் செட்கேரக்டர்என்கோடிங் அழைக்கப்பட வேண்டும். பிறகு அழைத்தால் பயனில்லை. இதை எல்லாவற்றுக்கும் முந்தி இயங்கும் ஒரு ஃபில்டரில் (கோரிக்கை பக்கத்தை அடையும் முன் இயங்கும் நிரல்) வைப்பது பாதுகாப்பானது. முகவரியில் வரும் தேடற்சொல்லை, ஜேஎஸ்பியை இயக்கும் சேவையக மென்பொருளான டாம்கேட் 8ஆம் பதிப்பு முதல் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது. டாம்கேட் 7 என்றால் அதன் கனெக்டர் அமைப்பில் யூஆர்ஐஎன்கோடிங் சேர்க்க வேண்டும்.

தரவுத்தளமாக மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தினால் அட்டவணைக்கு யூடிஎஃப்8எம்பி4 வையுங்கள். அங்கே யூடிஎஃப்8எம்பி3 என்பது மூன்று பைட்டுகளுடன் நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்கு அது போதும் என்றாலும், வாடிக்கையாளர் கருத்துடன் இடும் இமோஜிக்குப் போதாது.

இவற்றைச் செய்த பிறகும் சந்தேகம் இருந்தால், 'சேலம்' என்று பதிவான ஒரு மதிப்பின் நீளத்தை, பைட்டுகளை எண்ணும் மைஎஸ்க்யூஎல்லின் லெங்த் செயற்கூறால் பாருங்கள். 15 என்று வந்தால் தரவு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, கோளாறு பக்கத்தில்தான். அதைவிடப் பெரிய எண் வந்தால் இரண்டு முறை குறியாக்கம் நடந்திருக்கிறது. பெரும்பாலும் திருப்பி மாற்றிவிடலாம். 5 என்று வந்தால் கேள்விக்குறிகளே சேமிக்கப்பட்டுவிட்டன. பழைய காப்புப்பிரதியைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.