ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ இசைத்தொகுப்பில் அப்படி என்ன புதுமை?

வழக்கமான ஜாஸில் பாடலின் சுர அடுக்குகள் (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள், அதாவது ‘கார்டு’கள்) ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வர, அந்த வரம்புக்குள் நின்றே கலைஞர் தம் கற்பனையை விரிப்பார். அவ்வரிசையையே விட்டுவிட்டு, உடனிருப்போர் வாசிப்பதைக் கேட்டு அக்கணமே மறுமொழியாக இசைப்பதுதான் ஃப்ரீ ஜாஸ். முன்பே வகுத்த வரிசை மெட்டின் போக்கைக் கட்டிப்போடுகிறது என்பதே சாக்ஸபோன் கலைஞரான கோல்மனின் எண்ணம்.

1960 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவான இந்த இசைத்தொகுப்பில் நால்வர் குழுக்கள் இரண்டு, ஏறத்தாழ 37 நிமிடம் சேர்ந்து இசைக்கின்றன. ஹெட்போனில் கேட்டால் இடக்காதில் கோல்மனின் சாக்ஸபோனும் வலக்காதில் மற்றக் குழுவின் எரிக் டால்ஃபி வாசிக்கும் பேஸ் கிளாரினெட் என்ற கனத்த ஒலியுள்ள ஊதுகருவியும் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும் (இதை ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்பது வீண்). திண்ணையில் ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ‘உம்’ கொட்டியும் குறுக்கிட்டும் அதை வளர்ப்பது போன்றது இவ்வாசிப்பு.

ஆளாளுக்கு மனம்போனபடி எழுப்பிய கூச்சல் இது எனப் பலர் நினைப்பது தவறு. தனி வாசிப்புகளுக்கு முன் அனைவரும் சேர்ந்து இசைக்கும் சிறு பகுதிகளைக் கோல்மன் முன்னரே அமைத்திருந்தார், ட்ரம்ஸும் தாளத்தைக் கைவிடவில்லை.