தொழிலுக்கு வாங்கிய வெல்டிங் ஹெல்மெட்: நுகர்வோர் வழக்கு போட முடியுமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உதவிக்கு அக்கா மகன் மட்டும்தான். ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு, தானாகக் கறுக்கும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் ஒன்று வாங்கினோம். பத்து நாள் கழித்து இருவருக்கும் ராத்திரியில் கண்ணில் மணல் கொட்டினதுபோல் எரிச்சல், நீர். வெல்டிங் ஆர்க்கின் வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கிறது என்றார் கண் டாக்டர். மூன்று நாள் வேலை போயிற்று. விற்றவரோ, "ரிட்டர்ன் காலம் 7 நாள்தான், முடிந்துவிட்டது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார். உண்மையா? இந்தக் கண்ணாடியை வைத்துப் பள்ளியில் சூரிய கிரகணம் பார்க்கலாமா என்று மகள் வேறு கேட்கிறாள்.

பதில்: விற்றவர் சொன்ன இரண்டுமே சரியில்லை.

ரிட்டர்ன் காலம் என்பது பிடிக்காத பொருளைத் திருப்பித் தர அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. குறையுள்ள பொருளால் உடம்புக்குக் கேடு வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் உற்பத்தியாளரையும், சில சூழ்நிலைகளில் விற்றவரையும் பொறுப்பாக்குகின்றன. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

‘தொழிலுக்கு வாங்கியது’ என்ற வாதம்தான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியது அந்த விலக்கில் வராது என்று அதே பிரிவின் விளக்கமே சொல்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய உதாரணம் உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும்: லேத் மெஷினைத் தானே ஓட்டிப் பிழைக்க வாங்குபவர் நுகர்வோர், துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. பத்து வெல்டர்களைச் சம்பளத்துக்கு வைத்து நடத்தும் பட்டறை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். புகாரில் முதல் பத்தியிலேயே “நானே வெல்டிங் செய்கிறேன், இதுதான் என் பிழைப்பு” என்று எழுதிவிடுங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் சாட்சியத்தில்தான். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்கிறேன்: “டேக் (துண்டுகள் நகராமல் இருக்க முதலில் வைக்கும் சின்ன வெல்டு) வைக்கும்போது ஹெல்மெட்டை இறக்கியிருக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்றவருக்கு வெளிச்சம் அடித்திருக்கும்.” பட்டறைகளில் நடப்பதுதானே, நீதிபதியும் நம்பக்கூடும். ஆனால் ஒழுங்கான ஹெல்மெட்டின் வடிகட்டி, கறுக்காத நேரத்திலும் புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும். உங்களுடையது தடுக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதற்கு அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி இருக்கிறது: நுகர்வோர் ஆணையமே (நுகர்வோர் கோர்ட் என்பது இதைத்தான்) பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும், கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். ஆகவே ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், இனி மாட்டாதீர்கள். “அனுப்பி வையுங்கள், பணம் தருகிறோம்” என்று திடீரென்று இனிக்கப் பேசினாலும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த கணமே வழக்கும் கூரியரில் போய்விடும்.

டாக்டர் சீட்டில் தேதியும் ‘வெல்டிங் ஆர்க்’ என்ற காரணமும் இருக்கிறதா பாருங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை இருக்காது. வெளிநாட்டுப் பொருளென்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பவை அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே தனிக் குற்றச்சாட்டு. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாவிட்டால் 86-ஆம் பிரிவின்படி பொறுப்பு விற்றவர் தலையில் விழும்.

விற்பனைத் தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். “நாங்கள் வெறும் இடைத்தரகர்” என்பார்கள். சில வேளை அது எடுபடும். ஆனாலும் எழுதிக் கேட்டால் விற்றவரின் முகவரியைத் தர 2020 மின்வணிக விதிகள் அவர்களைக் கட்டாயப்படுத்துகின்றன.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். பல நேரம் பணம் அதிலேயே வந்துவிடும். இழப்பீடும் வேண்டுமென்றால் நாமக்கல் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஹெல்மெட் விலை, மருத்துவச் செலவு, மூன்று நாள் கூலி, வலிக்கு ஒரு நியாயமான தொகை கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் உங்கள் நம்பகத்தன்மைதான் குறையும்.

அடுத்து வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அதன் கீழுள்ள ‘சி.எம்/எல்’ எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பாருங்கள்; உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு என்று காட்டும்.

மகளிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். தானாகக் கறுக்கும் கண்ணாடி எதுவுமே சூரியனுக்கு ஆகாது. பட்டறையில் புழங்கும் 10, 11-ஆம் எண் (கருமையின் அளவைச் சொல்லும் ‘ஷேடு’ எண்) சாதாரண வெல்டிங் கண்ணாடியும் போதாது. குறைந்தது 12, பொதுவாகச் சொல்லப்படுவது 14. கிரகணக் கண்ணாடிக்கான தரம் ஐஎஸ்ஓ 12312-2. அந்த எண்ணை எவரும் அட்டையில் அச்சடித்துவிடலாம் என்பதால், யார் விற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நல்ல கிரகணக் கண்ணாடியை வீட்டுக்குள் மாட்டினால் மேசை, நாற்காலி எதுவும் தெரியக்கூடாது. 2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவில் பகுதி கிரகணம் தெரியும். பள்ளி மொத்தமாக வாங்குவதாக இருந்தால், கோளரங்கம் போன்ற அறிவியல் நிறுவனம் பரிந்துரைக்கும் இடத்தில், பள்ளிப் பெயரில் ரசீதோடு வாங்கச் சொல்லுங்கள்.