விப்: சாட்டையா, கொறடாவா?

கேள்வி: நாடாளுமன்றச் செய்தியில் ‘மூன்று வரி விப்’ என்று படித்தேன். அகராதியில் விப் என்றால் சாட்டை. மூன்று வரியில் எழுதிய உத்தரவு என்று பொருளா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. இங்கே வரி என்பது கட்சி தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும் உத்தரவில் போடும் அடிக்கோடு. கோடு கூடக் கூடக் கண்டிப்பும் கூடும். ஒரு கோடு என்றால் வாக்கெடுப்பு உண்டு என்ற தகவல். இரண்டு என்றால் அவைக்கு வந்தாக வேண்டும். மூன்று என்றால் வந்து, கட்சி சொன்னபடி வாக்களிக்கவும் வேண்டும். ‘மூன்று கோட்டுக் கொறடா உத்தரவு’ என்று எழுதினால் குழப்பமே வராது.

இங்கிலாந்தின் நரி வேட்டையில், கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டையோடு திருப்பி ஓட்டி வருபவருக்கு ‘விப்பர்-இன்’ என்று பெயர். உறுப்பினர்களைத் திரட்டுபவருக்கு விப் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். கொறடாவும் சாட்டைதான், தெலுங்கில் கொரடா என்றால் இன்றைக்கும் அதே பொருள். ஆங்கிலத்தில் ஆளையும் உத்தரவையும் விப் என்றே சொல்வார்கள். தமிழில் கொறடா என்பவர் ஆள். ‘கட்சி கொறடா பிறப்பித்தது’ என்று எழுதுவது பிழை. ‘உத்தரவு’ என்ற சொல்லை விடக் கூடாது.

‘உத்தரவை மீறினால் பதவி போய்விடும்’ என்று ஒரே வரியில் எழுதுவதும் சரியல்ல. 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), முன் அனுமதி இல்லாமல் மாறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, அதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால்தான் தகுதியிழப்புக் கேள்வி எழும். முடிவு சொல்பவர் அவைத்தலைவர், கொறடா அல்ல.

கேள்வி: பழைய சட்ட நூலில் ‘விப்பிங்’, ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்று வருகிறது. ‘கோடுகள்’ என்று மொழிபெயர்க்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: கூடாது. விப்பிங் என்பது கசையடித் தண்டனை. ஸ்ட்ரைப் என்பது அடி விழுந்த தடம். தண்டனையில் அது அடியின் எண்ணிக்கை. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 30 ஸ்ட்ரைப்ஸ் என்று வரம்பு வைத்தது. தமிழில் ‘30 கசையடி’. 1955இல் தனிச் சட்டம் கொண்டுவந்து இந்தத் தண்டனையையே ஒழித்தார்கள். பெயர்ச்சொல்லாக வரும் ‘லாஷ்’ என்பதும் ஓர் அடிதான். ‘ஃப்ளாக்’ (flog, கசையால் அடிப்பது) பெரும்பாலும் வினை. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அதற்கு ‘விற்பது’ என்ற பொருளும் உண்டு. இடம் பார்க்காமல் ‘சாட்டையால் அடித்தான்’ என்று போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விப்பிங் கிரீம் ஏன் சில நேரம் திரிந்துபோகிறது?
(வாசகி, கோவை)

பதில்: இங்கே விப் என்றால் காற்று ஏறும்படி அடிப்பது. கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம் நுரைத்து நிற்காது. கிரீமும் பாத்திரமும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நுனி நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி, காற்று வெளியேறி, வெண்ணெயும் மோரும் தனியாகப் பிரியும்.